அச்சத்தின் அளவுகோல்: மாணவர் திகிற்பட முன்னோட்டமும் புத்தளக் கரையோரப் பார்வையாளரும்

1

திரைப்படக்கலையைப் பாடசாலைக் கல்வியின் ஒரு கூறாகக் கொண்ட நாடுகளுள் பிரித்தானியா குறிப்பிடத்தக்கது. அங்குள்ள ஓ.சி.ஆர். தேர்வுச் சபை உயர்தர வகுப்பு ஊடகக் கல்விக்கென 2010களிற் கடைப்பிடித்த பாடவிதானத்தின்படி, மாணவர் இல்லாத திரைப்படமொன்றைக் கற்பனை செய்து, அதற்குரிய முன்னோட்டத்தையும் சுவரொட்டியையும் சஞ்சிகை அட்டையையும் தாமே ஆக்கலாம். ஆக்கி முடித்தபின் நான்கு வினாக்களுக்கு விடை தரல் வேண்டும். பார்வையாளரின் பின்னூட்டலிலிருந்து நீர் கற்றுக்கொண்டது யாது என்பது அவற்றுள் ஒன்று. அப்பாடவிதானம் இன்று வழக்கிலில்லை. ஆயினும் அவ்வினா வழக்கொழியவில்லை. கைத்தொலைபேசியிலே படம்பிடித்து, அதிலேயே தொகுத்து, அதன் வழியே பரப்பவும் வாய்ப்புள்ள இக்காலத்தில், கற்பிட்டியிலோ உடப்பிலோ வாழும் மாணவர்க்கும் அவ்வினா உரியதாகிவிட்டது.

இத்தகைய முயற்சிகளில் இளைஞர் பெரிதும் நாடுவது திகிற்படத்தையே. இதற்குப் பொருளாதாரக் காரணமுண்டு. காதற்படத்துக்கு நடிப்பாற்றல் வேண்டும். வரலாற்றுப் படத்துக்குப் பொருட்செலவு வேண்டும். திகிற்படத்துக்கோ இருண்ட வீடொன்றும் கைவிளக்கொன்றும் ஓடுவதற்கு ஒருவரும் போதும். காட்டாதுவிடுவதே அதன் கலை. ஆகவே காட்ட வசதியற்றோர்க்கும் அது கைகொடுக்கிறது. முன்னோட்டமோ காட்டாதுவிடுவதில் அதனினும் ஒருபடி மேற்பட்டது. இரண்டு நிமிடத் துண்டுகளைக் கோத்து முழுமையொன்று இருப்பதான எண்ணத்தைத் தோற்றுவிப்பது அது. அம்முழுமையைத் தம் மனத்திலே ஆக்கிக்கொள்வோர் பார்வையாளரே.

இதனாலேயே முன்னோட்டம் பற்றிய பின்னூட்டல் தனி ஆய்வுக்குரியதாகிறது. நிறைவுபெற்ற படைப்பைப் பற்றிப் பேசுவோர் படைப்பைப் பற்றிப் பேசுகின்றனர். முன்னோட்டத்தைப் பற்றிப் பேசுவோரோ அதன் இடைவெளிகளைத் தாம் எதனைக்கொண்டு நிரப்பினர் என்பதையும் சேர்த்தே சொல்கின்றனர். அவர்தம் வாழ்வும் வரலாறும் பயமும் அங்கு வெளிப்படுகின்றன. இவ்வுண்மையைக் கருத்திற்கொள்ளாது, 'பயமூட்டிற்றா, இல்லையா' என்று மட்டுமே கேட்டு மதிப்பிடும் போக்கு போதாததென்பதும், புத்தளக் கரையோரம் போன்றவொரு பிரதேசத்திலே அது ஆபத்தானதாகவும் அமையக்கூடும் என்பதுமே இக்கட்டுரையில் நாம் நிறுவ விழைவன.

2

'பயமூட்டிற்றா' என்ற வினா மாணவரது சொந்த வினாவன்று. திரைப்படத் தொழில் அவர்க்கு வழங்கிய வினா. அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்கள் படத்தை வெளியிடுமுன்பு தெரிந்தெடுத்த பார்வையாளர்க்குக் காட்டி அவர்தம் துலங்கலை அளந்து, அதற்கேற்ப வெட்டியும் ஒட்டியும் வருதல் நெடுநாளைய வழக்கம். சந்தையிலே பண்டமொன்றை இறக்குமுன் செய்யப்படும் பரிசோதனையினின்றும் இது வேறுபட்டதன்று.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 1975இல் வெளிவந்த ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் 'ஜோஸ்' என்னும் படம். டலஸ் நகரில் நிகழ்ந்த முன்காட்சியிலே சுறா திடீரெனத் தலைகாட்டும் இடத்தில் மக்கள் அலறினர். இன்னுமோர் அலறல் வேண்டும் என நெறியாளர் விரும்பினார். படத்தொகுப்பாளர் வேர்ணா பீல்ட்ஸின் வீட்டு நீச்சற்குளத்திலே, நீரைக் கலங்கச் செய்யப் பாற்பவுடர் கலந்து, மூழ்கிய படகின் துவாரத்திலிருந்து இறந்தவனின் தலை வெளிப்படும் காட்சி புதிதாக எடுத்துச் சேர்க்கப்பட்டது. எதிர்பார்த்த அலறல் கிடைத்தது. ஆனால் சுறா தோன்றும் இடத்தில் முன்பிருந்த அலறல் அதன்பின் குறைந்துவிட்டதென நெறியாளரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். ஒருமுறை திடுக்குற்ற பார்வையாளர் அடுத்த தடவைக்கு எச்சரிக்கையாகிவிட்டனர். அலறலை எண்ணுவதால் அலறலைப் பற்றிக்கூட முழுமையாக அறிந்துகொள்ள முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மாணவர் நிலையிலும் இவ்வழி தொடர்ந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திற் பயின்ற சாம் ரைமி 1978இல் தம் நண்பருடன் சேர்ந்து ஏறத்தாழ 1,600 டொலர் செலவில் 'விதின் த வூட்ஸ்' என்ற அரைமணிநேரப் படத்தை எடுத்தார். முழுநீளப் படமொன்றுக்கு முதலீட்டாளரைத் தேடுவதற்கான மாதிரியே அது. அதைக் காட்டித் திரட்டிய பணத்திலிருந்தே 1981இல் முதன்முதற் காட்டப்பட்ட 'த ஈவில் டெட்' உருவாயிற்று. பார்வையாளரின் நடுக்கம் இங்கு கலைத்தகைமைக்குச் சான்றாகுமுன்பே கடனுக்கு ஈடாகியது. இளங்கலைஞரின் ஊக்கத்தைக் குறைத்து மதிப்பிடுவது எம் நோக்கமன்று. பின்னூட்டல் என்னும் கருத்து எவ்வகைச் சூழலிலிருந்து வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது என்பதை மனங்கொள்ளல் வேண்டும் என்பதே நாம் கூறுவது.

3

அச்சத்தைப் பற்றித் தமிழ் இலக்கணமரபு கூறுவது இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது தோன்றும் நிலைக்களன்களை நான்காக வகுக்கின்றது. வருத்தும் தெய்வமும் பேயும் அடங்கிய அணங்கு முதலாவது; கொடுவிலங்கு இரண்டாவது; கள்வர் மூன்றாவது; தம்மை ஆளும் அரசன் நான்காவது. மெய்ப்பாடு என்பது உள்ளத்துணர்வு உடலின்கண் புலப்படுதல். அலறலும் நடுக்கமும் உறைந்து நிற்றலும் உடலிற் காணப்படுவன. ஆனால் அவற்றைக் கண்டமாத்திரத்தே அவை நான்கனுள் எதனின்று பிறந்தன என்று சொல்லிவிட முடியாது. காரணத்தைத் தனியே கேட்டறிதல் வேண்டும்.

இப்பகுப்பிலே வியக்கத்தக்கது, அரசனைப் பேயோடும் விலங்கோடும் கள்வரோடும் ஒரே நிரலில் வைத்தமையாகும். இன்றைய வணிகத் திகிற்படம் பெரிதும் முதலிரண்டையுமே கையாளுகின்றது. மூன்றாவதைக் குற்றவியற் படத்துக்கு விட்டுவிடுகின்றது. நான்காவதைப் பற்றி அது வாய்திறப்பது அரிது. ஆனால் பார்வையாளர் நான்கையும் சுமந்துகொண்டே படம்பார்க்க வருகின்றனர்.

4

இனிப் புத்தளக் கரையோரத்தை நோக்குவோம். தெற்கே சிலாபத்தை அண்டிய கடற்கரை தொடங்கி, முந்தல், உடப்பு ஊடாகக் கற்பிட்டிக் குடாநாடும் புத்தளக் களப்பும் அடங்கிய இப்பகுதியில் மீன்பிடியும் உப்பளமும் தென்னையும் மக்களின் வாழ்வாதாரங்கள். தமிழ் பேசும் இந்துக்களும் முஸ்லிம்களும், தமிழும் சிங்களமும் பேசும் கத்தோலிக்கரும், சிங்கள பௌத்தரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். சிலாபக் கரையிலே தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறிய மீனவக் குடும்பங்கள் பல. ஆகவே 'பார்வையாளர்' என்று ஒருமையிற் சொல்லும்போதே நாம் தவறிழைக்கத் தொடங்குகிறோம். வயதையும் பாலையும் மட்டும் கொண்டு வகுக்கப்படும் 'இலக்குப் பார்வையாளர்' என்ற சந்தைச் சொல் இங்கு மொழி, மதம், தொழில், இடப்பெயர்வு ஆகிய அனைத்தையும் மறைத்துவிடும்.

இக்கரை கமெராவுக்குப் புதிதன்று. தர்மசேன பத்திராஜவின் 'பம்பரு அவித்' (1978) கற்பிட்டிக் கரையிலே படமாக்கப்பட்டது. நகரத்திலிருந்து வரும் முதலாளி மகனுக்கும் மீனவர்க்கும் இடையே எழும் முரண்பாடு அழிவில் முடிவதைக் காட்டும் அப்படத்திலே பேயுமில்லை, பூதமுமில்லை. உடைமையுறவே அங்கு அச்சத்தின் ஊற்று. இக்கரையிலே படம்பிடிக்க எழும் மாணவர் அதனை ஒருமுறையேனும் பார்த்தல் நன்று.

திகிற்படத்தின் வழக்கமான சின்னங்கள் சிலவற்றை எடுத்து, அவை இக்கரையிலே எவ்வாறு பொருள்படும் என ஆராய்வோம்.

முதலாவது சுறா. விடுமுறைக்குக் கடலாட வருவோர்க்கு அது கொலைவிலங்கு. வலையிழுப்போர்க்கு அது பிடிபடும் பொருள், விலைபோகும் இறைச்சி, கருவாடு. இவர்களது கடலச்சம் சுறாவினின்றும் பிறப்பதன்று. காற்று மாறுதல், இயந்திரம் பழுதாதல், கடன், வலையை அள்ளிச்செல்லும் பெரிய படகுகள் என்பவற்றிலிருந்து பிறப்பது. நீருக்குள்ளிருந்து எழும் கையைக் கண்டு மீன்வாடியிலுள்ளோர் சிரிப்பாராயின், மாணவர் தம் கலையிற் தோற்றனர் என்று கொள்ளலாகாது. கடலைப் பற்றி அவர்க்குத் தெரியாத ஒன்றைப் பார்வையாளர் அறிந்திருக்கின்றனர் என்பதே அச்சிரிப்பின் பொருள்.

இரண்டாவது தலைவிரிகோலப் பெண். தமிழ், யப்பானிய, கொரியப் பேய்ப்படங்கள் அனைத்திலும் இவ்வுருவம் வந்துவிட்டது. உடப்பிலோ திரௌபதை அம்மன் கோயிலும் தீமிதிப்பும் ஊரின் ஆண்டுவாழ்வோடு பிணைந்தவை. அங்கே விரிந்த கூந்தல், அவையிலே அவமதிக்கப்பட்டு நீதி கிடைக்கும்வரை குழல் முடிக்காதிருந்த ஒருத்தியின் சபதத்தைக் குறிப்பது. வழிபாட்டுக்குரிய அவ்வடையாளத்தை மாணவர் பேயின் அடையாளமாக்குகையில், அவ்வூரின் முதியவள் ஒருத்தி முகஞ்சுளித்தால் அது பிற்போக்கான மனத்தடை ஆகாது. படத்திலுள்ள பெண் ஏன் கூந்தலை விரித்தாள், அவளுக்கு யார் என்ன செய்தனர் என்ற வினா அம்முகச்சுளிப்பில் அடங்கியிருக்கிறது. தமிழகத்தின் வெகுசனப் பேய்ப்படங்கள்கூட இவ்வினாவை முற்றாகத் தவிர்க்க முடியவில்லை. 2011இல் வெளிவந்த 'காஞ்சனா'வில் பேயாக வருபவர் நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை. நீதி மறுக்கப்பட்டோரே பேயாகின்றனர் என்ற பொதுமக்கள் உணர்வு, கேலிக்கூத்துகளுக்கிடையேயும் அங்கு தலைநீட்டுகின்றது.

சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரத்துக் காளி கோயிலுக்கு மதபேதமின்றி மக்கள் சென்று தமக்குத் தீங்கிழைத்தோர்மீது முறையிடும் வழக்கத்தை மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1975இல் வெளியிட்ட ஆய்வொன்றில் எடுத்துக்காட்டியுள்ளார். நீதிமன்றத்திலும் பொலிசிலும் கிட்டாத நியாயத்தை அச்சந்தரும் தெய்வத்திடம் வேண்டுவோரின் பிரதேசம் இது. அணங்கின் பின்னே எப்பொழுதும் ஒரு வழக்கு நிலுவையிலிருக்கிறது.

மூன்றாவது ஜின். முஸ்லிம் பார்வையாளர்க்கு ஜின் என்பது கதைஞரின் கற்பனையன்று. திருக்குர்ஆன் கூறும் படைப்பு. அவற்றுள் நல்லனவும் தீயனவும் உண்டு. அதனைப் பேய்க்கு மாற்றுப்பெயராக மட்டும் பயன்படுத்தும் முன்னோட்டத்தைப் பார்த்து ஒருவர் மௌனமாக இருந்தாராயின், அம்மௌனம் அச்சத்தின் விளைவு என்று விடைத்தாளிலே குறித்துக்கொள்வது பேதைமை.

நான்காவது, எல்லாவற்றினும் முக்கியமானது, கைவிடப்பட்ட வீடு. திறந்துகிடக்கும் கதவு, தூசி படிந்த சட்டி பானை, சுவரிலே ஒரு குடும்பப் படம்: இவையில்லாத திகில் முன்னோட்டம் இல்லையெனலாம். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்திலே அதற்கு இரண்டு மணிநேர அவகாசமே வழங்கப்பட்டது. வெளியேற்றப்பட்ட எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோருட் பெரும்பான்மையோர் புத்தளம் மாவட்டத்திலே குடியேறினர். அவர்களும் அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இக்கரையின் பார்வையாளர். அத்திறந்த கதவைக் காணும்போது அவர்கள் அங்கே பேயைத் தேடமாட்டார்கள். அது தாம் விட்டுவந்த வீடு. உள்ளே நுழையும் மாணவ நடிகரே அவர்க்கு அந்நியராகத் தோன்றுவார். இப்பார்வையாளர் கண்கலங்கினால், 'பயமூட்டிற்றா' என்ற வினாத்தாளிலே அக்கண்ணீரைப் பதிவுசெய்ய எந்தக் கட்டத்திலும் இடமில்லை.

5

எவர் பக்கத்தில் நின்று அச்சம் சொல்லப்படுகிறது என்பது இக்கரையின் மிகப்பழைய கதையிலேயே எழும் பிரச்சினை. மகாவம்சத்தின் ஏழாம் அதிகாரம் விசயன் தம்பபண்ணியில் வந்திறங்கியதைக் கூறுகின்றது. அவ்விடம் இலங்கையின் வடமேற்குக் கரையைச் சார்ந்ததென்பது பொதுவான மரபு. காணாமற்போன தோழரைத் தேடிச்சென்ற விசயன் குளக்கரையிலே காண்பது, உள்ளிறங்கிய அடிச்சுவடுகள் இருக்க, வெளியேறிய சுவடு ஒன்றேனும் இல்லாமை. இன்றைய நெறியாளர் எவரும் பொறாமைப்படத்தக்க காட்சி அது. முன்னோட்டமொன்றின் இலட்சணம் முழுவதும் அதிலுண்டு. அக்குளக்கரையில் இருப்பவள் குவேனி. நூல் அவளை இயக்கி என்கிறது.

ஆனால் கப்பலிலிருந்து இறங்கியவரின் கண்கொண்டே அக்காட்சி காட்டப்படுகிறது. குளத்தின் பக்கமிருந்து நோக்கின், கரையிலே தெரிவது எழுநூறு அந்நியரின் வருகை. நாட்டைக் கைப்பற்ற அவளே உதவியதும், பின்னர் அரசகுலப் பெண்ணுக்காக அவள் துரத்தப்பட்டதும், தன் இனத்தவராலேயே கொல்லப்பட்டதும் அந்நூலே கூறுவன. மண்ணுக்குரியவளை இயக்கியாக்கிய பின்பு அவளுக்கு இழைத்த துரோகம் துரோகமாகத் தோன்றுவதில்லை. திகிற்கதையின் அரசியல் இதுவே. அஞ்சப்படுவோராக யாரை ஆக்குகிறோம் என்பது அழகியல் வினாவாகவும் அறவினாவாகவும் ஒருங்கே அமைகிறது. மாணவர் தம் முன்னோட்டத்தைக் கப்பலின் பக்கத்தாருக்கு மட்டும் காட்டிப் பாராட்டுப் பெறுவது எளிது. குளத்தின் பக்கத்தாருக்கும் காட்டினாலன்றிப் பின்னூட்டல் முழுமை பெறாது.

6

அச்சம் திரைக்கு வெளியே என் செய்யும் என்பதைப் புத்தளம் 2011ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே கண்டது. உடலிற் கிறீஸ் பூசிய மனிதன் இரவிலே பெண்களைத் தாக்கிவிட்டு மறைகிறான் என்ற செய்தி கிழக்கிலும் மலையகத்திலும் வடக்கிலும் வடமேற்கிலும் பரவிற்று. 'கிறீஸ் பூதம்' என்று மக்கள் அதனை அழைத்தனர். மலையகத்திலே சந்தேகத்தின் பேரில் மனிதர் அடித்துக் கொல்லப்பட்டனர். புத்தளத்திலே மக்களுக்கும் பொலிசாருக்குமிடையே மூண்ட மோதலில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் உயிரிழந்தார்.

இந்நிகழ்ச்சியை வெறும் மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடுவோர் அதன் அமைப்பைக் கவனிக்கவில்லை. அச்செய்தி பரவிய முறை முன்னோட்டம் ஒன்றினது முறையே. இருளில் ஒரு பாய்ச்சல், பளபளக்கும் ஓர் உடல், பெண்ணொருத்தியின் கூக்குரல், வேலிக்கப்பால் ஓர் ஓட்டம்: துண்டுகளே கிடைத்தன; முழுமையை எவரும் கண்டிலர். கேட்டோர் தம் அனுபவத்தைக்கொண்டு இடைவெளிகளை நிரப்பினர். போர் முடிந்து ஈராண்டே கழிந்திருந்தது. அவசரகாலச் சட்டவிதிகள் அம்மாத இறுதியிலேயே நீங்கின. துரத்தப்பட்ட உருவம் இராணுவ முகாமுக்குள்ளும் பொலிஸ் நிலையத்துக்குள்ளும் புகுந்துகொண்டது என்றே பல இடங்களில் மக்கள் கூறினர். தொல்காப்பியப் பகுப்பை மீண்டும் நினைவுகூர்வோமாயின், இவ்வுருவம் பெயரால் அணங்கு, பிடிபடாதிருக்க உடலில் நெய்ப்பொருள் பூசும் தந்திரத்தாற் கள்வன், புகலிடத்தால் அரசு. மக்களின் வாய்மொழி மூன்று நிலைக்களன்களையும் ஓருருவிலே இணைத்துவிட்டது. ஆளுவோரைப் பற்றிய நம்பிக்கையின்மை பூதத்தின் வடிவிலே பேசிற்று. ஆயினும் அதன் விலையைச் செலுத்தியோர் ஆளுவோரல்லர். சந்தேகிக்கப்பட்ட வழிப்போக்கரும் தெருவில் நின்ற உத்தியோகத்தரும் கைதான இளைஞருமே.

எட்டாண்டுகளின் பின் இன்னொரு படிப்பினை கிட்டியது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளை அடுத்த நாட்களிலே, முகத்தை முழுதும் மறைக்கும் ஆடை அவசரகால விதியால் தடைசெய்யப்பட்டது. மே 12ஆம் திகதி சிலாபத்திலே, முஸ்லிம் வணிகரொருவர் முகநூலில் எழுதிய ஒரு சிறு ஆங்கில வசனம், இன்று சிரிப்போர் ஒருநாள் அழ நேரும் என்ற கருத்துடையது, வரவிருக்கும் தாக்குதலின் எச்சரிக்கையாக வாசிக்கப்பட்டது. பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்பட்டன. மறுநாள் மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் முஸ்லிம் ஒருவர் கொல்லப்பட்டார். சூழலினின்றும் பிரிக்கப்பட்ட ஒரு வரியைப் பயந்திருந்தோர் தம் பயத்தால் நிரப்பிக்கொண்டனர். இதன்பின்னர், கறுப்பு ஆடையால் மூடிய உருவமொன்று இருளிலிருந்து வெளிப்படுவதாக மாணவர் முன்னோட்டம் அமைக்கின், அதைக் கண்டு ஒருசாரார் நடுங்குவது கலையின் வெற்றியாகுமா? அந்நடுக்கம் கமெராவுக்கு முன்பே அவர்க்குள் வைக்கப்பட்டிருந்தது. மாணவர் செய்தது அதனைத் தட்டியெழுப்பியது மட்டுமே.

இங்குதான் அமெரிக்காவின் புகழ்பெற்ற வெற்றிக்கதை எமக்குப் பொருந்தாது போகின்றது. மத்திய புளோரிடாப் பல்கலைக்கழகத்திலே திரைப்படம் பயின்ற டானியல் மைரிக், எட்வார்டோ சாஞ்செஸ் ஆகியோர் ஆக்கிய 'பிளெயர் விச் புரொஜெக்ட்' (1999), காட்டிலே காணாமற்போன மூன்று மாணவர் விட்டுச்சென்ற படச்சுருளாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. படம் நிறைவெய்துமுன்பே அதன் சிறுதுண்டு தொலைக்காட்சியிற் காட்டப்பட்டு, உண்மையோ பொய்யோ என்ற ஐயத்தைப் பார்த்தோரிடையே கிளப்பிற்று. அவ்வையமே பின்னூட்டலாகவும் விளம்பர உத்தியாகவும் அமைந்தது. சில பத்தாயிரம் டொலர்களிற் படம்பிடிக்கப்பட்டு உலகெங்கும் 24 கோடி டொலருக்கு மேல் ஈட்டிய அப்படத்தின் பின்விளைவாக, கதைக்களமான பேர்க்கிட்ஸ்வில் என்ற சிற்றூருக்கு ஆவல்கொண்டோர் படையெடுத்தனர். ஊர்ப் பெயர்ப்பலகைகள் களவு போயின. அங்கே நம்பிக்கையின் விலை ஒரு பெயர்ப்பலகை. இங்கே அதன் விலை உயிர். 'உண்மைச் சம்பவம்' என்ற சொற்றொடரைத் தலைப்பிலிட்டுக் கைத்தொலைபேசி வழியே ஊரூராகப் பரப்பப்படும் முன்னோட்டத்தைப் பற்றி, 'நான் உண்மையென்றே நம்பினேன்' என ஒருவர் கூறும்போது, புத்தளக் கரையின் மாணவர் மகிழ்வதற்கு முன்னர் சிந்தித்தல் வேண்டும்.

7

எனின், திகிற்படமே வேண்டாவெனக் கூறுகிறோமா? இல்லை. அச்சம் மனிதர்க்குரிய உணர்வு. எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்றை விலக்கிவிட்டுக் கலை முழுமை பெறமுடியாது. தணிக்கையை நாம் வேண்டவுமில்லை; அச்சத்தின் நான்காம் நிலைக்களனைத் திரையினின்றும் முதலில் அகற்றுவது தணிக்கையே. அதேபோழ்து, பார்வையாளர் சொன்னதையெல்லாம் ஏற்று அதன்படி வெட்டித் திருத்துவதும் எமக்கு உடன்பாடன்று. மக்களிடம் கற்றல் வேறு. மக்களின் பின்னே இழுபட்டுச் செல்லல் வேறு.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைப் பேர்டோல்ட் பிரெக்ட் காட்டியுள்ளார். 1930இல் குர்ட் வைல் இசையமைக்க அவர் ஆக்கிய 'ஆமென்பவன்' என்ற பாடசாலை இசைநாடகத்திலே, தாய்க்கு மருந்து தேடி மலைப்பயணம் செல்லும் சிறுவன் வழியில் நோயுறுகின்றான். பழைய வழக்கப்படி தன்னைப் பள்ளத்தில் எறிவதற்கு அவனே இசைகின்றான். பேர்ளின் நகரின் நொய்கெல்ன் பகுதியிலிருந்த கார்ல் மார்க்ஸ் பாடசாலை மாணவர் நாடகத்தை விவாதித்து, அவ்விசைவுக்குப் போதிய நியாயமில்லை எனக் குறைகண்டனர். பிரெக்ட் அவர்தம் கருத்துக்களை அச்சிலேற்றியதோடு நாடகத்தையும் மாற்றி எழுதினார். புதிய வடிவிலே பயணத்தின் காரணம் ஊர் முழுவதையும் பற்றிய கொள்ளைநோய். சிறுவனைத் தூக்கிச்செல்ல முயன்று தோற்ற பின்னரே அவர்கள் அவனைக் கைவிடுகின்றனர். அத்துடன் 'இல்லையென்பவன்' என்ற எதிர்நாடகத்தையும் எழுதி, இரண்டையும் கூடியவரை சேர்த்தே நடிக்கவேண்டும் என்றார். எதிர்நாடகத்துச் சிறுவன் வழக்கத்துக்கு இணங்க மறுத்து, புதிய நிலைமையிற் புதிதாகச் சிந்திக்கும் வழக்கமொன்றை வேண்டுகிறான். பார்வையாளரின் மறுப்பு இங்கு ஒரு திருத்தமாக மட்டும் நின்றுவிடவில்லை. இன்னொரு படைப்பாகவே வளர்ந்தது.

எமது பல்கலைக்கழக மரபிலும் இதற்கு அடித்தளமுண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே பேராதனை மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது, அக்கலையைக் கிராமத்தாரிடமே மாணவர் கற்கவேண்டியிருந்தது. அண்ணாவியாரின் கண்ணும் செவியும் அங்கே முதற்பின்னூட்டல். கமெராவை ஏந்திய இற்றைநாள் மாணவர்க்கு அண்ணாவியார் இல்லை. அவ்விடத்தைக் கரைவலை இழுப்போரும் களப்போரப் பெண்களும் இடம்பெயர்ந்த குடும்பத்தாரும் நிரப்புதல் கூடும்.

இவற்றின் அடிப்படையில், 'பயமூட்டிற்றா' என்ற ஒற்றை வினாவுக்குப் பதிலாக நான்கு வினாக்களை நாம் முன்வைக்கிறோம்.

முதலாவது: எதற்கு அஞ்சினீர்? அணங்குக்கா, விலங்குக்கா, கள்வர்க்கா, ஆட்சிக்கா? இவ்வினா அலறலைக் காரணங்களாகப் பகுத்துத் தரும்.

இரண்டாவது: அவ்வுருவத்தை யாரெனக் கொண்டீர்? முன்னோட்டம் எந்தச் சமூகத்தின்மீது, எந்தப் பாலின்மீது சந்தேகத்தை ஏற்றுகிறது என்பது இவ்விடையிலே வெளிப்படும். அச்சமூகத்தவர் முன்னிலையிலும் படம் காட்டப்பட்டிருத்தல் அவசியம்.

மூன்றாவது: எங்கே சிரித்தீர், எங்கே மௌனமானீர், ஏன்? இதனைப் பிறர் சூழ்ந்திருக்கும் மண்டபத்திலே கேட்டால் விடை கிட்டாது. மீன்வாடியிலும் வீட்டு முற்றத்திலும், அவரவர் மொழியிலே, பெண்களிடம் பெண்களே கேட்டல் வேண்டும்.

நான்காவது: இது உண்மையென நம்பியிருப்பின் அடுத்து என்ன செய்திருப்பீர்? 2011ஐக் கண்ட மாவட்டத்திலே இவ்வினாவைத் தவிர்க்க எவர்க்கும் உரிமையில்லை. 'கதவைத் தாழிட்டிருப்பேன்' என்ற விடைக்கும் 'ஆட்களைத் திரட்டியிருப்பேன்' என்ற விடைக்குமிடையே உள்ள தூரம் படத்தொகுப்பு நுட்பத்தால் அளக்கப்படுவதன்று.

விடைகளைப் பெற்றபின் மாணவர் செய்யவேண்டியது, ஒலியைக் கூட்டுவதோ இருளைக் கூட்டுவதோ அன்று. அதே காட்சிகளைக்கொண்டு இரண்டாவது முன்னோட்டமொன்றைத் தொகுத்தல் வேண்டும். முதலாவது, வீட்டினுள் நுழைபவரின் பக்கத்திலிருந்து. இரண்டாவது, அவ்வீட்டைவிட்டுப் போனவரின் பக்கத்திலிருந்து. இரண்டையும் அதே பார்வையாளர்க்கு ஒருங்கே காட்டி மீண்டும் கேட்டல் வேண்டும். இதற்குப் புதிய செலவில்லை. காலமும் பொறுமையுமே தேவை. அவ்வாறு செய்யும் மாணவர்க்குத் தேர்வுப் புள்ளி கூடுதலாகக் கிடைக்குமோ என்பது வேறு விடயம். தம் கரையிலே யார் எதற்கு அஞ்சி வாழ்கின்றனர் என்பதை அவர் அறிந்துகொள்வார். அவ்வறிவு படத்துக்கும் உதவும். படம் முடிந்த பின்பும் உதவும்.